உடலுக்குள் ஓர் உறை
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடை என்றால் கம்பனையும் வள்ளுவனையும் பற்றிப் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். இம்முறை செயலாளர் எம்மிடம் வந்து, "குடும்பத்தில் எல்லாருக்கும் பயன்படும்படி ஏதேனும் ஒரு பொருளைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். கம்பன் பயன்படமாட்டான் என்பது அவர் கருத்தன்று. சென்ற ஆண்டு கம்பனை இரண்டு மணி நேரம் கேட்டு எழுந்தபோது, அவையில் பாதிப் பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்ததை அவர் கண்டிருக்கிறார். அந்த இடுப்பைப் பற்றியே இன்று பேசலாம் என்று எண்ணினோம்.

நாம் மருத்துவர் அல்லோம். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்து, இருபது ஆண்டுக்கு மேலாக இரயில்வேயில் கணக்கெழுதி வருகிறோம். நாற்காலியே எமது தொழிற்களம். முதுகுவலி வந்த பிறகு அதைப் பற்றிய நூல்களையும் கட்டுரைகளையும் தேடிப் படித்தோம். விளங்காத இடங்களை ஓர் இயன்முறை மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்தோம். அவ்வாறு சேர்த்ததையே இங்குப் பகிர்ந்துகொள்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ஆம் ஆண்டில் கீழ்முதுகு வலியால் துன்புற்றோர் 61 கோடியே 90 லட்சம் பேர். நம் காலனியின் பங்கு அதில் குறைவாயிராது.

முதுகுவலி என்றதும் நாம் எலும்பையும் தசையையும் நரம்பையும் நினைக்கிறோம். இம்மூன்றையும் சுற்றியும் ஊடுருவியும் ஒன்றோடொன்று பிணைத்து நிற்கும் நான்காவது பொருள் ஒன்றுண்டு. மருத்துவ நூல்கள் அதை ஃபேஷியா என்கின்றன. இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குப் பட்டை, கட்டு என்று பொருள். தமிழில் தசைப்படலம் என்று நாம் சொல்லிக்கொள்வோம். ஆட்டிறைச்சி சமைக்கும் வீடுகளில் இதை அறியாதவர் இல்லை. இறைச்சியின்மேல் வெள்ளையாய்ப் பளபளவென்று ஒட்டியிருப்பது, கத்திக்கு எளிதில் இடங்கொடாதது, குழந்தைகள் மென்று பார்த்துவிட்டுத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவது, அந்தச் சவ்வுதான்.

இறைச்சி உண்ணாதவர்க்கு நம் நாகபுரியின் ஆரஞ்சுப் பழம் இருக்கிறது. தோலை உரித்தால் வெள்ளைப் பஞ்சு. அதற்குள் சுளைகளைத் தனித்தனியே மூடிய மெல்லிய தோல். ஒரு சுளையைப் பிய்த்துப் பார்த்தால் உள்ளே எண்ணற்ற சாற்றுப் பைகள். அவை ஒவ்வொன்றுக்கும் அதனினும் மெல்லிய உறை. பழத்திலுள்ள சாறு முழுவதையும் எவ்வாறோ நீக்கிவிட்டாலும், இந்த உறைகள் மட்டும் இருந்தால் பழத்தின் வடிவம் அப்படியே தெரியும். நம் உடலும் அத்தகையதே. தோலுக்கடியில் கொழுப்போடு கலந்த தளர்ந்த படலம் ஒன்று. அதற்கும் உள்ளே தசைகளை இறுகப் போர்த்திய தடித்த படலம். ஒவ்வொரு தசைக்கும் ஓர் உறை. தசைக்குள் இழைக்கற்றை ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை. கடைசியில் தனி இழைக்கும் ஓர் உறை. இவை தனித்தனிப் பைகள் அல்ல. ஒன்று மற்றொன்றாகத் தொடர்ந்து, தசையின் முனையில் திரண்டு நாணாகி, எலும்பைப் பற்றி, எலும்பின் மேலுறையோடு கலந்துவிடுகின்றன. கொல்லாஜன் என்னும் புரத நாரும், நீரும், ஹயலுரோனான் என்னும் வழவழப்பான பொருளும் இதில் உள்ளன. நார் வலிமை தருகிறது. வழவழப்பு ஓர் அடுக்கின்மேல் மற்றோர் அடுக்கை வழுக்கிச் செல்ல விடுகிறது.

இதைக் கண்ணால் காண விரும்புவோர் இப்போதே செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு, கட்டைவிரலை மட்டும் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். உள்ளங்காலின் வளைவு தானே உயர்கிறதல்லவா? குதிகாலிலிருந்து விரல்கள்வரை உள்ளங்காலில் ஒரு தடித்த படலம் ஓடுகிறது. விரல் மேலே மடியும்போது அப்படலம் விரலடியில் சுற்றி இழுபட, வளைவு உயர்ந்து பாதம் விறைப்பாகிறது. ஒவ்வோர் அடியிலும் குதிகால் எழும்பும்போது இது நடக்கிறது. கிணற்றுக் கப்பியில் கயிறு சுற்றுவது போன்ற இந்த அமைப்பை 1954-இல் ஹிக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் விளக்கி எழுதினார். காலையில் கட்டிலிலிருந்து இறங்கியவுடன் குதிகாலில் முள் குத்துவது போல் வலிக்கிறது என்று நம் தாய்மார்கள் பலர் சொல்கிறார்களே, அவ்வலி பெரும்பாலும் இந்தப் படலம் குதிகால் எலும்பைப் பற்றும் இடத்தில்தான் எழுகிறது.

இதன் வலிமைக்கு இன்னொரு சான்று கூறவேண்டும். இது நம் காலனிக்கு மிகவும் வேண்டிய செய்தியாதலால் சற்று நின்று சொல்கிறோம். முழங்காலுக்குக் கீழே இப்படலம் தசைகளை அறை அறையாகப் பிரித்து இறுக மூடியிருக்கிறது. காலின்மேல் பெரும்பளு விழுந்து உள்ளே இரத்தம் கசிந்து தசை வீங்கினால், அந்த அறை விரிந்துகொடாது. உள்ளே அழுத்தம் ஏறும். இரத்த ஓட்டம் தடைப்படும். சில மணி நேரத்திற்குள் அறுவை மருத்துவர் படலத்தை நீளவாக்கில் கீறித் திறந்துவிட வேண்டும். தவறினால் தசை மாளும், காலே போகலாம். யார்டிலும் ஷெட்டிலும் வேலை செய்வோர் வாழும் இடம் இது. எலும்பு முறியவில்லை என்று யாரோ சொன்னதை நம்பி, நசுங்கிய காலுக்கு எண்ணெய் தடவி உருவிக்கொண்டு இரவைக் கழிப்பது கூடாது. காயத்தின் அளவுக்கு மிஞ்சிய வலி, கால்விரலைப் பிறர் அசைத்தால் தாங்கமுடியாத வலி, கல் போல் இறுகிய கெண்டைக்கால்: இவற்றைக் கண்டால் அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

இவ்வளவு பெரிய உறுப்பை மருத்துவ உலகம் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 1543-இல் உடற்கூற்றுப் பெருநூலை வெளியிட்ட வெசாலியஸ் இத்தாலியிலுள்ள பதுவா நகரில் ஆசிரியராயிருந்தவர். அவர் காலத்திலும் அவருக்குப் பின்னும், பிணத்தை அறுத்துக் காட்டுவோர் இந்த வெள்ளைச் சவ்வைச் சீவி எறிந்துவிட்டுச் சிவந்த தசையையே மாணாக்கருக்குக் காட்டினர். பொட்டலத்தின் காகிதத்தைக் கிழித்து எறிந்துவிட்டுப் பொருளை மட்டும் எண்ணும் வழக்கம் இது. கையால் மருத்துவம் செய்தோரே இப்படலத்திற்கு மதிப்பளித்தனர். 1892-இல் அமெரிக்காவில் ஆஸ்டியோபதிப் பள்ளியை நிறுவிய ஆண்ட்ரு டெய்லர் ஸ்டில், ஜெர்மனியில் 1929-இல் தம் நோயைத் தாமே தடவிப் பார்த்து ஒரு தனி முறையைக் கண்ட எலிசபெத் டிக்கே, வேதியியலில் பட்டம் பெற்றுப் பின் கைச்சிகிச்சைக்கு வந்த அமெரிக்கப் பெண்மணி ஐடா ரால்ஃப் ஆகியோர் அவர்களுள் குறிப்பிடத் தக்கவர்கள். ஆராய்ச்சியாளர்கள் இதற்கென்றே கூடிய முதல் உலக மாநாடு 2007-இல் பாஸ்டன் நகரில் நடந்தது. 2015-இல் இப்படலத்திற்கென ஒரு விரிவான படநூல் வெளிவந்தது. அதை ஆக்கியவர் கார்லா ஸ்டெக்கோ என்னும் பெண் மருத்துவர். அவர் பணிபுரியும் பல்கலைக்கழகம் அதே பதுவா!

இனி நிற்பதும் இருப்பதும் பற்றிப் பார்ப்போம். "நிமிர்ந்து உட்கார்" என்று சொல்லாத பெற்றோர் இல்லை. ஆனால் உடல் நிமிர்ந்து நிற்பதும் குனிந்து நிற்பதும் தசையின் வேலை மட்டுமன்று. 1950-களில் ஃபிளாய்டு, சில்வர் என்னும் இருவர் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். மனிதன் மெல்லக் குனியும்போது முதுகுத் தசைகள் வேலை செய்கின்றன. முழுதும் குனிந்து தொங்கும் நிலை வந்ததும் அத்தசைகள் ஓய்ந்து மௌனமாகிவிடுகின்றன! அப்போது மேலுடலின் பாரத்தை எவை தாங்குகின்றன? முதுகெலும்பின் கட்டுநார்களும் முதுகுப் படலமும் அவற்றோடு கூடிய பிற திசுக்களும்தான். வயலில் நாற்று நடும் பெண்ணும், தண்டவாளத்தின்மேல் குனிந்து வேலை செய்யும் கேங்மேனும், வாசலில் பெரிய கோலம் போடும் நம் இல்லத்தரசியும் இவற்றின்மேல் தொங்கியே வேலை செய்கிறார்கள். அது தவறன்று; படலம் அதற்கெனவே அமைந்தது. ஆனால் நெடுநேரம் தொடர்ந்து தொங்கினால் இத்திசுக்கள் சிறிது நீண்டு தளர்கின்றன. நிமிர்ந்தவுடன் அவை பழைய நிலைக்கு முழுதும் திரும்புவதில்லை, அதற்குச் சிறிது நேரம் வேண்டும்.

இதை அறிந்தபின்தான் நாம் கண்கூடாகக் கண்ட ஒன்றின் காரணம் விளங்கிற்று. கோடை விடுமுறைக்கு ஊர் போகிறோம். கிராண்ட் டிரங்கு எக்ஸ்பிரசில் நாகபுரியில் ஏறிய குடும்பம் நடுப்பலகையை இறக்கிவிடாமல் அதன் கீழேயே கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிறது. சென்னை நெருங்கியதும் குடும்பத் தலைவர் ஒரே மூச்சில் குனிந்து, பலகைக்கு அடியிலிருந்து இருபது கிலோ டிரங்குப் பெட்டியை இழுக்கிறார். அங்கேயே பிடித்துக்கொள்கிறது! விடுமுறையில் முதல் வாரம் அவருக்குப் பாயிலேயே கழிகிறது. பெட்டியின் பாரம் மட்டும் காரணமன்று. மணிக்கணக்கில் வளைந்து தளர்ந்திருந்த முதுகு, தயாராகும் முன்னே வேலைக்கு அழைக்கப்பட்டது. சென்னைக்குக் கால் மணி முன்பே எழுந்து இரண்டு மூன்று முறை நடைபாதையில் நடந்துவிட்டுப் பிறகு பெட்டியைத் தொடுவது நலம். வாலிபப் பிள்ளைகள் உடன் இருந்தால் அவர்களைத் தொடச் சொல்வது அதனினும் நலம்.

குறிப்பிட்ட ஒரு நிலையே சரியான இருப்பு, மற்றவை எல்லாம் கேடு என்ற எண்ணம் இன்று பலரை வீணாக அச்சுறுத்துகிறது. இப்படலம் களிமண் போல் ஒரு வாரத்தில் கோணலாக உறைந்துவிடும் பொருளன்று. இதிலுள்ள உயிரணுக்கள் தமக்கு வரும் இழுவிசையை உணர்ந்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நாரைப் புதுப்பிக்கின்றன. நிமிர்ந்தே ஆறு மணி நேரம் அசையாதிருப்பவரினும், கோணலாக உட்கார்ந்தாலும் அடிக்கடி எழுந்து உலாவுபவர் நன்றாயிருப்பதை எம் அலுவலகத்திலேயே காண்கிறோம்.

இயக்கத்தில் இதன் பங்கு என்ன? கீழ்முதுகில் சாய்சதுரமாக ஒரு பெரிய படலம் விரிந்திருக்கிறது. மேலே புயத்திலிருந்து வரும் அகன்ற முதுகுத் தசையும், கீழே பிட்டத்தின் பெருந்தசையும், பக்கத்தில் வயிற்றின் உள்தசையும் இதிலே வந்து சேர்கின்றன. 1995-இல் விலேமிங் என்பவரும் அவர் குழுவினரும் உடலறுவை ஆய்வில் ஒன்றைக் காட்டினர். ஒரு பக்கத்து முதுகுத் தசையை இழுத்தால், அவ்விசை இப்படலத்தின் வழியே நடுக்கோட்டைக் கடந்து மறுபக்கத்து இடுப்பை நோக்கிச் செல்கிறது. நடக்கும்போது வலக்காலும் இடக்கையும் சேர்ந்து முன்னே செல்வதை எண்ணிப் பாருங்கள். கைவீச்சு வெறும் அழகுக்காக அன்று என்பது விளங்கும்.

இரயில்வேக்காரர்க்கு எளிதில் விளங்கும்படி ஒன்று சொல்வோம். வண்டியின் பாரத்தைத் தண்டவாளம் தாங்குகிறது என்பர் பிறர். தண்டவாளத்திலிருந்து ஸ்லீப்பருக்கும், அதிலிருந்து சரளைக் கல்லுக்கும் பாரம் பரவிச் செல்வதை நாம் அறிவோம்.  தசையின் இழுப்பும் அவ்வாறே. நாணின் வழியே நேராகச் செல்வதோடன்றி, உறைகளின் வழியே பக்கத்துத் தசைகளுக்கும் பரவுகிறது.

அடுக்குகள் வழுக்கிச் செல்லவேண்டும் என்றோமல்லவா? 2011-இல் ஹெலன் லாஞ்செவின் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் அல்ட்ராசவுண்டு கருவியால் கீழ்முதுகுப் படலத்தைப் பார்த்தனர். நெடுநாள் முதுகுவலி உள்ளவர்களிடம் அந்த வழுக்கல் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. வலியால் அசையாதிருந்து வழுக்கல் குறைந்ததா, வழுக்கல் குறைந்து வலி வந்ததா என்பதை அந்த ஆய்வு முடிவு கட்டவில்லை. இரண்டில் எதுவாயினும் அசைவே நமக்குத் துணை.

இப்போது கைச்சிகிச்சைக்கு வருவோம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும், சுளுக்கு வழிப்பதும் நம்மவர்க்குப் புதிதல்ல. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று இதற்குப் பெயரிட்டு, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என ஒன்பது வகையாகப் பிரித்துள்ளனர். ஆகவே தசைப்படலத்தை எல்லாம் நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று சிலர் மார்தட்டுவர். கையால் தடவி அறிந்தது ஒன்று. நுண்ணோக்காடியில் கண்டது வேறொன்று. இரண்டையும் குழப்புவதால் இரண்டுக்கும் பெருமையில்லை.

நகரில் ஓரிடத்தில் நம் காலனி அன்பர் ஒருவருக்கு, "உங்கள் படலம் ஒட்டிக்கொண்டு முடிச்சு விழுந்திருக்கிறது, பத்து முறை வந்தால் உடைத்துவிடுவோம்" என்று சொல்லிப் பத்து முறைக்கும் பணத்தை முன்பே வாங்கிக்கொண்டார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு வைத்திருந்த பணம் அது. முதல் மூன்று நாள் சுகம், நான்காம் நாள் முதுகெல்லாம் நீலம் பாரித்தது, வலியோ பழையபடி. "முடிச்சு ஆழமானது, இன்னும் பத்து முறை வேண்டும்" என்றார்களாம். அவர் எம்மிடம் கேட்டார்: "படலத்தைக் கையால் உடைக்க முடியுமா?" என்று. அதற்கு விடையைத் தேடியதே இச்சொற்பொழிவின் தொடக்கம்.

விடை ஒரு கணக்கில் கிடைத்தது. 2008-இல் அமெரிக்க ஆஸ்டியோபதிச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வு அது. தொடையின் வெளிப்பக்கத்துப் படலத்தையும் உள்ளங்கால் படலத்தையும் ஒரே ஒரு விழுக்காடு அமுக்குவதற்கோ சரியச் செய்வதற்கோ, மனிதக் கை தரக்கூடிய அளவுக்கு மிஞ்சிய விசை வேண்டும் என்று அவர்கள் கணக்கிட்டனர். மூக்கிலுள்ள மெல்லிய படலம் வேண்டுமானால் கைக்கு இணங்கலாம். ஆகவே தடித்த படலத்தை அழுத்தி உடைத்தோம், இழுத்து நீட்டினோம் என்பது பொருந்தாத பேச்சு. இதைச் சொன்னவர்கள் கைச்சிகிச்சையின் பகைவர்கள் அல்லர். வெளியிட்டது கைச்சிகிச்சை மருத்துவர்களின் இதழே என்பதைக் கவனிக்கவேண்டும்.

அப்படியானால் தேய்த்துவிட்டால் சுகமாயிருக்கிறதே, அது பொய்யா? பொய்யன்று. இப்படலத்தில் நரம்பு முனைகள் மிகுதியாக உள்ளன. அழுத்தத்தையும் இழுவையையும் வலியையும் அறியும் முனைகள் அவை. பழகிய கை நிதானமாக அழுத்தும்போது அச்செய்தி தண்டுவடத்திற்கும் மூளைக்கும் செல்கிறது, விறைத்திருந்த தசை தளர்கிறது, மூச்சு சீராகிறது, வலியுணர்வு சிறிது தணிகிறது. மாறியது பெரும்பாலும் நரம்பின் நிலையே. அதனாலேயே அந்தச் சுகம் சில மணியிலோ சில நாளிலோ கரைகிறது. அந்த இடைவேளையில் எழுந்து நடந்து, குனிந்து நிமிர்ந்து, உடலைப் பழக்குபவர்க்குத் தேய்ப்பு உதவி செய்ததாகும். தேய்த்துக்கொண்டு வந்து மீண்டும் தொலைக்காட்சி முன் சாய்பவர்க்கு அது வெறும் செலவு. நீலம் பாரிக்கும்வரை அழுத்துவது எவ்வகையிலும் தேவையில்லை. மென்மையாகத் தேய்த்துவிடும் தாயின் கைக்கு நரம்பு கீழ்ப்படிகிறது. அதற்குக் கட்டணமும் இல்லை.

2023-ஆம் ஆண்டு டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நெடுநாள் கீழ்முதுகு வலிக்கு வழிகாட்டுக் குறிப்புகள் வெளியிட்டது. நோயாளிக்கு அறிவூட்டலும் உடற்பயிற்சியும் அதில் உள்ளன. பிடித்துவிடுதல் முதலிய கைச்சிகிச்சையும் ஏற்புடையவற்றுள் வைக்கப்பட்டுள்ளது. இடுப்புப் பட்டையையும், எடை கட்டி முதுகை இழுக்கும் முறையையும் வழக்கமாகக் கையாளவேண்டா என்று அது கூறுகிறது. நம் காலனியில் எத்தனை பீரோக்களில் இடுப்புப் பட்டைகள் தொங்குகின்றன என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வரும். விலையை எண்ணினால் சிரிப்பு நின்றுவிடும்.

யாருடைய கைக்கும் விடக்கூடாத முதுகுவலிகளும் உண்டு. காலில் பலம் குன்றினாலும், தொடையிடுக்கில் மரத்துப்போனாலும், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனாலும் அது அவசரம். இரவானாலும் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, உடல் இளைத்துக்கொண்டே வரும்போதுள்ள வலி, முதியோர் விழுந்தபின் வரும் வலி ஆகியவற்றையும் முதலில் மருத்துவரிடமே காட்டவேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாயிருந்தால் அதைத் தேய்க்கவே கூடாது. உள்ளே இரத்தக் கட்டி இருக்கலாம். சர்க்கரை நோயுள்ளவர்க்குத் தோள் இறுகிக் கை மேலே எழாமை சற்று மிகுதியாக வருகிறது. உள்ளங்கைப் படலம் தடித்து மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கிப்போவதும் அவர்களிடையே காணப்படுகிறது. இவ்விரல் நோயைப் பாரிசு நகரத்து அறுவை மருத்துவர் டுப்யுட்ரன் 1831-இல் விளக்கினார். அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. விரல் நிமிராவிட்டால் வலிந்து இழுக்காமல் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

அன்றாடம் செய்யத்தக்கது என்ன என்று தாய்மார்கள் கேட்பார்கள். அலுவலகத்தில் நாம் தண்ணீர்க் குவளையை மேசைமேல் வைத்துக்கொள்வதில்லை; குடிக்கவேண்டுமானால் எழுந்து போகவேண்டும் என்று வைத்திருக்கிறோம். அரைமணிக்கு ஒருமுறை எழ இது ஒரு சூழ்ச்சி. அடுக்களையில் நெடுநேரம் நிற்பவர்கள் காய் நறுக்குவதைத் தரையில் அமர்ந்து செய்யலாம். முழங்கால் இடங்கொடாதவர்கள் நாற்காலியில் அமர்ந்து செய்யலாம். மாலையில் காலனியைக் கையை வீசி இரண்டு சுற்று நடப்பதற்கு யாரிடமும் முன்பணம் கட்டவேண்டியதில்லை. குளிர்காலத்தில் நாகபுரியின் விடியற்காலை உடலை மரமாக்கிவிடும். எழுந்தவுடன் வாளித் தண்ணீரைத் தூக்காமல், கைகால்களை நீட்டி மடக்கிக் கொஞ்சம் சூடேறிய பின் தூக்கலாம்.

முன்பணம் கட்டிய அந்த அன்பர் மீதமிருந்த நாள்களுக்குப் போகவில்லை, பணமும் திரும்பவில்லை. இப்போது மாலைதோறும் எம்முடன் நடக்கிறார். வலி முற்றும் போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் சென்ற மாதம் பண்டிகைக்கு மாவாட்டும் கல்லை அவரே நகர்த்தினார் என்று அவர் துணைவியார் தெரிவித்தார்.

நாம் பேசத் தொடங்கி அரைமணிக்கு மேலாகிறது. எழுந்து நிற்க விரும்புவோர் நிற்கலாம்.